ஸ்டார்ட் எடுக்காத பழைய உழவு இயந்திரம்: தென்மராட்சிக்கு ஒரு திறந்த மடல்

தென்மராட்சியில் பழைய உழவு இயந்திரங்களை வைத்திருக்கும் கமக்காரர்களுக்கும், அவற்றின் சாரதிகளுக்கும், கொடிகாமம் சுற்றாடலிலுள்ள கராச்சுகளில் தொழில் பழகும் இளைஞர்களுக்கும்,

ஏ-9 வீதியிலிருந்து பருத்தித்துறை வீதி பிரியும் கொடிகாமத்தைச் சுற்றி, வரணியிலும் மிருசுவிலிலும் எழுதுமட்டுவாளிலும் கச்சாயிலும் வயலை உழுதும், தேங்காயும் மாம்பழமும் பலாப்பழமும் ஏற்றிய பெட்டியைச் சந்தைக்கு இழுத்தும் உழைக்கும் உழவு இயந்திரங்களுள் பல, அவற்றை ஓட்டும் சாரதிகளைக் காட்டிலும் வயதில் மூத்தவை. அத்தகைய இயந்திரம் ஒன்று காலையில் சாவியைத் திருப்பியதும் இயங்க மறுக்கும்போது பற்றரியை மாற்றுவதும், அதன் பின்னும் இயங்காவிடில் ஸ்டார்ட்டரைக் கழற்றுவதும், அதுவும் பயன் தராதபோது திருகாணி முடுக்கி ஒன்றை ஸ்டார்ட்டர் முனைகளின் குறுக்கே வைத்து நேரடியாக இயக்குவதும் பரவலான வழக்கமாகிவிட்டன. இவற்றுள் முதல் இரண்டும் பணத்தை வீணாக்குபவை. மூன்றாவது உயிரைப் பறிக்க வல்லது. பழைய இயந்திரம் ஸ்டார்ட் எடுக்காமைக்குக் காரணம் பெரும்பாலும் பற்றரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் இடைப்பட்ட பாதையிலேயே இருக்கிறது என்பதையும், அந்தப் பாதையை மலிவான மானி ஒன்றைக் கொண்டு அளந்தே குறையைக் கண்டுவிடலாம் என்பதையும், உற்பத்தியாளர் பொருத்திய பாதுகாப்புச் சுவிச்சை எக்காரணம் கொண்டும் செயலிழக்கச் செய்யலாகாது என்பதையும் எடுத்துரைப்பதே இம்மடலின் நோக்கம்.

இந்த இயந்திரங்கள் இவ்வளவு காலம் நிலைத்தமைக்கு அவற்றின் எளிய அமைப்பு ஒரு காரணம். வடபுலத்தின் வரலாறு மற்றொரு காரணம். 1964இன் இறுதியில் அறிமுகமான மாசி பெர்குசன் 135, இங்கிலாந்தின் கொவென்ற்றி நகரிலிருந்த பானர் லேன் தொழிற்சாலையில், அதற்கு முன்னர் 1946 முதல் 1956 வரை அங்கேயே உருவான சிறிய சாம்பல்நிற பெர்குசன் டி.ஈ.20இன் வழித்தோன்றலாக வெளிவந்தது. அதன் டீசல் வகையில் இருந்த மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சினை ஓரளவு பயிற்சியுள்ள எவரும் கழற்றிப் பூட்டலாம் என்பதே அதன் பெருமை. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் எரிபொருளோடு பற்றரிகளும் அடங்கின. வானொலி கேட்பதற்குச் சைக்கிள் டைனமோவைச் சுழற்றியும், கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியும் மக்கள் வாழ்ந்த அந்த ஆண்டுகளில், உதிரிப்பாகம் கிடைக்காத இயந்திரங்கள் கிடைத்த வயரையும் கிடைத்த சுவிச்சையும் கொண்டே ஓட்டப்பட்டன. பின்னர் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி படிப்படியாகவே தளர்த்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தமையால், பழையதைக் காப்பாற்ற வேண்டிய தேவை மறுபடியும் எழுந்தது. ஆகவே இன்று ஓர் இயந்திரத்தின் மின்பாதையில் காணப்படும் ஒட்டுகளும் முறுக்கி விட்ட இணைப்புகளும் எவரது அக்கறையின்மைக்கும் சான்றல்ல. இயந்திரத்தை நிற்கவிடாது காத்த கைகளின் தடயங்கள் அவை. ஆயினும், அன்று அவசரத்துக்குச் செய்தது இன்று கோளாறின் ஊற்றாக இருப்பதை மறுக்கவியலாது.

டீசல் எஞ்சினுக்கு மின்சாரம் எதற்குத் தேவை என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. பெற்றோல் எஞ்சினில் எரிபொருளைக் கொளுத்துவது மின்பொறி. டீசல் எஞ்சினிலோ சிலிண்டருக்குள் அகப்பட்ட காற்று 16 மடங்குக்கு மேல் நெருக்கப்பட்டு, அதனால் எழும் வெப்பமே டீசலைப் பற்றவைக்கிறது. எனவே பழைய டீசல் இயந்திரம் ஒருமுறை இயங்கிவிட்டால் பற்றரியைக் கழற்றினாலும் நிற்காது. அதை நிறுத்துவதற்கு எரிபொருளைத் தடுக்கும் கம்பியை இழுக்க வேண்டியுள்ளதும் இதனாலேயே. மின்சாரத்தின் முதன்மையான வேலை தொடக்கத்தில் எஞ்சினைச் சுழற்றுவது. அந்தச் சுழற்சி போதிய வேகத்தில் நிகழாவிடில் நெருக்கப்பட்ட காற்று பிஸ்டன் வளையங்களின் வழியே கசிந்து, வெப்பம் சிலிண்டர்ச் சுவருக்குள் இறங்கி, டீசல் பற்றாமலே போகும். ‘எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் எடுக்கவில்லை’ என்று கூறப்படும் பல இயந்திரங்கள் உண்மையில் மெதுவாகச் சுற்றுபவையே ஆதலால், எரிபொருட் குழாயைக் கழற்றி ஆராயுமுன் சுற்றும் வேகத்தை ஐயுறுவது பொருத்தமாகும். மலைநாட்டுச் சாரதி சரிவில் உருளவிட்டு இயக்கித் தப்பலாம். மேடென்று சொல்லத்தக்க நிலமே இல்லாத குடாநாட்டில் அந்த வழியும் இல்லை. வேறொரு வாகனத்தால் கட்டி இழுத்து இயக்குவது பற்சக்கரங்களுக்கும் இழுப்பவருக்கும் ஒருங்கே கேடு விளைவிப்பதோடு, உண்மையான குறையை மாதக்கணக்கில் மறைத்தும் வைக்கிறது.

ஸ்டார்ட் அமைப்பில் இரண்டு சுற்றுகள் உள்ளன. இவற்றைப் பிரித்தறிவதே பிழைதேடலின் அடிப்படை. பெரிய சுற்றில், பற்றரியிலிருந்து தடித்த கேபிள் வழியாக ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் சென்று, எஞ்சின் உடல் வழியாகவும் மற்றொரு தடித்த கேபிள் வழியாகவும் பற்றரிக்கே திரும்பும் மின்னோட்டம் நூற்றுக்கணக்கான அம்பியர் அளவினது. சிறிய சுற்றில், சாவிச் சுவிச்சிலிருந்து பாதுகாப்புச் சுவிச்சைக் கடந்து சொலனாய்டுக்குச் செல்லும் மின்னோட்டம் அதனுடன் ஒப்பிடுகையில் மிகக் குறைவு. சொலனாய்ட் என்பது பாடநூல்களில் வரிச்சுருள் எனப்படும் கம்பிச்சுருளே. அதனூடே சிறு மின்னோட்டம் பாய்ந்ததும் காந்தமாகி, உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை இழுத்து, இரு செப்பு முனைகளைச் சேர்த்து, பெரிய சுற்றை மூடிவிடுகிறது. சாவியைத் திருப்பும்போது கேட்கும் ‘டக்’ என்ற ஒலி அத்தண்டின் ஒலியே.

அந்த ஒலியைக் கூர்ந்து கேட்டாலே பாதித் தேடல் முடிந்துவிடும். விளக்குகள் நன்றாக எரிந்தும் சாவியைத் திருப்புகையில் எவ்வொலியும் எழாவிடில் குறை சிறிய சுற்றில் இருக்கிறது. அப்போது ஸ்டார்ட்டரைத் தொடவேண்டியதே இல்லை. ‘டக்டக்டக்’ என்று விரைந்து அடித்தால் சொலனாய்டின் தண்டை இழுக்க மின்னழுத்தம் போதியதாயிருந்தும், பெரிய சுற்று மூடப்பட்ட கணமே அது சரிந்து தண்டைக் கைவிடுகிறது என்று பொருள். பற்றரி இறங்கியிருக்கலாம், அல்லது பற்றரி முனையின் பிடி தளர்ந்திருக்கலாம். கனமான ஒரேயொரு ‘டக்’ எழுந்து அதன்பின் அமைதி நிலவினால், சொலனாய்டின் செப்பு முனைகள் எரிந்து தேய்ந்திருப்பதையோ, ஸ்டார்ட்டருக்குள் மின்னைக் கடத்தும் கரித்துண்டுகளான பிரஷ்கள் குறுகிவிட்டதையோ ஐயுறலாம். ஸ்டார்ட்டர் வேகமாகச் சுழன்று இரைந்தும் எஞ்சின் அசையாவிடில், ஸ்டார்ட்டரின் சிறு பற்சக்கரம் பெரிய வளையத்தோடு சேரவில்லை. பழைய வகை ஸ்டார்ட்டர்களில் பெண்டிக்ஸ் எனப்படும் அப்பற்சக்கரம் திருகுபுரியில் தானே வழுக்கி முன்செல்ல வேண்டியது. அதற்கு எண்ணெயோ கிறீஸோ இட்டால் வயற் புழுதி ஒட்டிக் களிம்பாகி அதைச் சிறைப்பிடித்துவிடுமாதலால், மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்திப் பூட்டுவதே முறை.

எனினும் மிகுதியாக ஏமாற்றுவது, எஞ்சின் சோம்பலாகச் சுற்றும் குறையே. புதிய பற்றரி பூட்டியும் அந்தச் சோம்பல் தீரவில்லை என்ற முறைப்பாட்டுக்குப் பின்னால் இருப்பது க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானத்தில் கற்ற ஓமின் விதியே. ஒரு கேபிளின் முனையில் பச்சை பூத்து, அங்கே 0.01 ஓம் தடை உருவாகியிருப்பதாகக் கொள்ளலாம். இந்தத் தடை மிகச் சிறியதாகையால் சாதாரண மானியின் ஓம் அளவீட்டில் தெரியவே மாட்டாது. விளக்கு எரிவதற்கும் அது குறுக்கே நிற்காது. ஆனால் ஸ்டார்ட்டருக்கென 200 அம்பியர் அதனூடே பாயும்போது 2 வோல்ற்று அங்கேயே இழக்கப்பட்டு, 400 உவாற்று வலு வெறும் வெப்பமாகிறது. தோட்டத்துக்கு நீர் இறைக்கும் குழாய் எங்கோ மடங்கியிருக்க, முனையை அடைத்துப் பிடிக்கும்போது அழுத்தம் நிறைந்திருப்பதாகவும், திறந்துவிட்டதும் நீர் நூலாகச் சுருங்குவதாகவும் தோன்றுவதை ஒத்தது இது. ஓட்டம் இல்லாதபோது தடை தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. ஆகவே இயந்திரம் ஓய்ந்திருக்கையில் பற்றரியில் 12.6 வோல்ற்று காட்டியது என்பதை மட்டும் கொண்டு மின்பாதை நலமென்று முடிவு கட்டுவது தவறு.

அளக்க வேண்டியது எஞ்சின் சுற்றும் வேளையில். கியர் நடுநிலையில் இருப்பதையும் கைப்பிரேக் பூட்டப்பட்டிருப்பதையும் உறுதிசெய்து, எஞ்சின் இயங்கிவிடாதபடி நிறுத்தும் கம்பியை இழுத்து வைத்துவிட்டு, ஒருவர் இருக்கையில் அமர்ந்து சாவியைத் திருப்ப, மற்றவர் சக்கரங்களுக்கு இடைப்படாத இடத்தில் நின்று பன்மானி எனப்படும் மல்ரிமீற்றரை நேரோட்ட வோல்ற்று அளவீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். மானியின் ஒரு முனை பற்றரியின் ஈயக் குமிழ்மீதே படவேண்டும். அதைப் பற்றியிருக்கும் பிடியின்மீது பட்டால், குமிழுக்கும் பிடிக்கும் இடையிலான குறை தப்பிவிடும். நேர்முனைக் குமிழுக்கும் ஸ்டார்ட்டரின் மின்முனைக்கும் இடையே சுற்றும்போது அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் இழப்பு இருக்கிறது. எதிர்முனைக் குமிழுக்கும் ஸ்டார்ட்டரின் வெறும் உலோக உடலுக்கும் இடையே 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் எர்த் எனப்படும் திரும்பும் பாதை பழுதானது. இரு பாதைகளும் நலமாக இருந்து, சுற்றும்போது பற்றரியின் குமிழ்களுக்கு இடையிலான அழுத்தம் 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால் மட்டுமே பற்றரியை முதலில் குற்றஞ்சாட்டலாம். நன்கு சார்ஜ் ஏற்றிய பின்னும் அவ்வாறே விழுமாயின், பற்றரி ஓய்ந்துவிட்டது அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மீறி இழுக்கிறது. சில நிமிட வேலையான இச்சோதனை, கழற்றிப் பூட்டும் ஒருநாள் கூலியை மிச்சப்படுத்துகிறது.

எர்த் பாதைக்குத் தனியே கவனம் வேண்டும். பழைய இயந்திரத்துக்குப் புதிதாகச் சிவப்பு வர்ணம் பூசும்போது கேபிள் பூட்டும் இடத்திலும் வர்ணம் படிந்து, அதன்மேல் முடுக்கிய ஆணி பார்வைக்கு இறுகியிருந்தும் மின்னைக் கடத்தாது போகிறது. கடலேரிகள் சூழ்ந்த தென்மராட்சியின் உப்புக் காற்று ஆணியின் அடியிலும் கேபிளின் செப்பு இழைகளுக்குள்ளும் புகுந்து அரிப்பதால், வெளியுறை அழகாக இருக்கும் கேபிள்கூட உள்ளே பொடியாகியிருக்கக் கூடும். கேபிள் பூட்டும் இடத்தை வெறும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுகப் பூட்டி, அதன் பின்னர் மேலே வாசலைன் பூசுவதே சரியான ஒழுங்கு. மற்றொன்றும் கவனத்துக்குரியது: 1960களின் நடுப்பகுதிக்கு முற்பட்ட பிரித்தானிய இயந்திரங்கள் பலவற்றில் உடலுடன் இணைக்கப்பட்டது பற்றரியின் நேர்முனையே, அத்தகைய இயந்திரத்தில் மேற்கூறிய அளவீடுகளை முனை மாற்றிக் கொள்ள வேண்டியிருப்பதோடு, வழக்கத்தின்படி எதிர்முனையை உடலில் பூட்டிவிட்டால் டைனமோவும் அதன் மின்னழுத்த ஒழுங்காக்கியும் பழுதாகலாம். எந்த முனை உடலில் பூட்டப்பட்டிருந்ததென்று பழைய பற்றரியைக் கழற்றுமுன் குறித்துக்கொள்வதும், எர்த் முனையை முதலில் கழற்றி இறுதியில் பூட்டுவதும் கட்டாயமானவை.

பற்றரியைப் பொறுத்தவரை, அதைக் கொல்வது வேலையை விட ஓய்வே. மழையை நம்பிய காலபோக நெற்செய்கைக்காக ஆவணி, புரட்டாதியில் ஓயாது உழும் இயந்திரம் அதன் பின்னர் மாதக்கணக்கில் கொட்டிலில் நிற்கும். அப்போது பற்றரி தன்னிலேயே இறங்குகிறது, வெப்பம் பத்துப் பாகை கூடுந்தோறும் அந்த இறக்கம் ஏறத்தாழ இருமடங்காகிறது. இறங்கிய நிலையில் நீடித்த பற்றரியின் தகடுகளில் ஈய சல்பேற்று கெட்டியாகப் படிந்துவிட்டால், பின்னர் எவ்வளவு சார்ஜ் ஏற்றினும் பழைய கொள்ளளவு திரும்பாது. ஓய்ந்திருக்கும் பற்றரியில் 12.6 வோல்ற்று நிறைவையும், 12.2 ஏறத்தாழப் பாதியையும் குறிக்கும், 12.4க்குக் கீழே இறங்கவிடாது காலத்துக்குக் காலம் சார்ஜ் ஏற்றினால் அது பல போகம் உழைக்கும். நீர்மட்டம் குறைந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்ற வேண்டும். சுண்ணாம்புக்கல் அடுக்கிலிருந்து ஊறும் யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் கல்சியமும், பல இடங்களில் குளோரைட்டும் மிகுந்தது. அதை ஊற்றுவது தகடுகளுக்கு நஞ்சிடுவதற்கு நிகர். முனைகளில் பூக்கும் வெண்பொடியை அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவலாம். அந்த நீர் மூடியினூடே உள்ளே இறங்கலாகாது.

டைனமோ பூட்டிய இயந்திரங்கள் குறைவேகத்தில் மிகக் குறைந்த மின்னையே தருவதால், சந்தைக்கும் வீட்டுக்கும் குறுந்தூரம் ஓடும் வண்டி ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் செலவழித்ததை ஈடுசெய்யாமலே நின்றுவிடுகிறது. எஞ்சின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது பற்றரி முனைகளில் ஏறத்தாழ 14 வோல்ற்று காட்டாவிடில் பெல்ட்டையும் பிரஷ்ஷையும் பார்க்க வேண்டும். பற்றரி இறங்கிவிட்டதென்று லொறியின் 24 வோல்ற்று அமைப்பிலிருந்து 12 வோல்ற்று இயந்திரத்துக்கு மின் கொடுப்பது எக்காலும் தகாது.

இனி, இம்மடல் எழுதப்பட்டதற்கான தலையாய காரணம். பெர்குசன் டி.ஈ.20இல் ஸ்டார்ட் செய்யத் தனிச் சாவியோ பொத்தானோ இல்லை. கியர்த் தண்டையே ‘எஸ்’ என்று குறித்த இடத்துக்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் சுழலும், அந்த இடத்தில் எந்தக் கியரும் பூட்டியிருக்க இயலாது. 135இல் அதே எண்ணம் வேறு வடிவம் பெற்றது: அதிவேகத்துக்கும் குறைவேகத்துக்கும் இடையே மாற்றும் தண்டு நடுவிலுள்ள ஸ்டார்ட் நிலைக்கு வந்தால் மட்டுமே கியர்ப்பெட்டியின் மேலுள்ள சிறு சுவிச் மூடப்பட்டு, சாவியிலிருந்து வரும் மின் சொலனாய்டை அடையும். புலம்பெயர் நாடுகளில் உறவினர் தம் வீட்டுப் புல்வெளியை வெட்டப் பயன்படுத்தும் இருக்கை வண்டிகளில், இருக்கையின் அடியிலும் பிரேக் மிதியிலும் வெட்டலகின் நெம்பிலும் தனித்தனியே சுவிச்சுகள் இருப்பதும் இதே நோக்கத்துக்காகவே. ஓட்டுநர் தம் இடத்தில் இல்லாதபோதும், சக்கரம் எஞ்சினோடு பிணைந்திருக்கும்போதும், எஞ்சின் உயிர்பெறலாகாது என்பதே அந்த நோக்கம்.

ஒலியே எழாத ஸ்டார்ட் கோளாறுக்கு இந்தச் சுவிச் அடிக்கடி காரணமாகிறது என்பது உண்மை. அதன் குமிழ் தேய்ந்தோ, முனைகள் ஒட்சைட்டுப் படிந்தோ, தண்டின் தளர்வு மிகுந்தோ மின் செல்லாது போகலாம். தண்டை மெல்ல அசைத்தபடி சாவியைத் திருப்பும்போது சில வேளைகளில் மட்டும் இயங்கினால் குறை இங்கேதான் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். சோதனை விளக்கொன்றின் எர்த் முனையை உடலில் பூட்டி, மறுமுனையைச் சுவிச்சுக்குள் நுழையும் வயரிலும் வெளியேறும் வயரிலும் மாறிமாறி வைத்துப் பார்த்தால் ஐயம் முற்றாக நீங்கும். உள்ளே வரும் மின் வெளியே போகாவிடில் சுவிச்சைக் கழற்றித் துப்புரவாக்கலாம், மாற்றலாம், அடியில் இடும் மெல்லிய தகடுகளைக் கூட்டிக் குறைத்து உயரத்தைச் சீராக்கலாம். இவை எதையும் செய்யாது அதன் இரு வயர்களையும் முறுக்கிச் சேர்த்துவிடுவதே எளிய வழியென்று கருதும் கை, அந்த இயந்திரத்தைப் பின்னாளில் ஏறி ஓட்டப்போகும் ஒவ்வொருவரையும், அது நிற்கும் முற்றத்தில் விளையாடும் பிள்ளைகளையும் ஆபத்தில் நிறுத்துகிறது.

தரையில் நின்றபடி ஸ்டார்ட்டர் முனைகளைத் திருகாணி முடுக்கியால் இணைப்பது இதனினும் கொடியது. அவ்வாறு இயக்குகையில் மின்னோட்டம் சாவியையோ பாதுகாப்புச் சுவிச்சையோ கடப்பதே இல்லை. இயந்திரம் கியரில் இருந்தால் எஞ்சின் உயிர்பெறும் கணமே வண்டி முன்னே பாய்கிறது. ஸ்டார்ட்டரை எட்டுவதற்காக ஒருவர் நிற்கும் இடமோ முன்சக்கரத்துக்கும் பெரிய பின்சக்கரத்துக்கும் நடுவே, பின்சக்கரத்தின் நேர்வழியில். விலகுவதற்கு அவகாசம் கிடையாது. உழவு இயந்திரங்கள் பெருகிய நாடுகள் பலவற்றிலும் அனுபவமிக்க கமக்காரர்கள் இவ்விதமே மாண்டிருக்கிறார்கள். அதன் விளைவாகவே பிற்கால இயந்திரங்களில் ஸ்டார்ட்டர் முனைகளுக்கு மேல் உற்பத்தியாளர்கள் மூடி பொருத்தத் தொடங்கினர். பலமுறை செய்தும் ஒன்றும் நேரவில்லை என்ற வாதம், அந்தப் பலமுறையும் கியர் தற்செயலாக நடுநிலையில் இருந்தது என்பதற்கு மேல் எதையும் நிறுவுவதில்லை.

கராச்சுகளில் தொழில் பழகும் இளைஞர்களிடம் இம்மடல் வேண்டுவது, பாகத்தைக் கழற்றுமுன் மானியைக் கையிலெடுக்கும் பழக்கத்தையும், ஓர் இயந்திரத்தின் மின்பாதையைச் சீராக்கியதும் அதன் வரைபடத்தை ஒரு தாளில் வரைந்து உரிமையாளரிடம் ஒப்படைக்கும் பழக்கத்தையும்தான். அப்போது அடுத்து வரும் கை எந்த வயர் எங்கே போகிறதென்று தேடித் தவிக்காது. கமக்கார அமைப்புகள், ஆண்டுதோறும் உழவு தொடங்குமுன் உறுப்பினர்களின் இயந்திரங்களை ஓரிடத்தில் கூட்டி, பற்றரியையும் இரு கேபிள் பாதைகளையும் பாதுகாப்புச் சுவிச்சையும் சோதிக்கும் ஒருநாளைக் கமநல சேவை நிலையத்தின் துணையோடு ஏற்பாடு செய்யலாம். அதற்கு வேண்டியவை ஓரிரு மானிகளும் தேர்ந்த மெக்கானிக் ஒருவரும் மட்டுமே. உரிமையாளர்களும் சாரதிகளும் இன்றே தங்கள் இயந்திரத்தின் கியர்த் தண்டை ஒரு கியரில் பூட்டி, 135 எனின் வேகம் மாற்றும் தண்டையும் ஸ்டார்ட் நிலையிலிருந்து விலக்கி, கைப்பிரேக்கையும் இட்டு, நிறுத்தும் கம்பியை இழுத்து, கிளச்சை முழுதாக மிதித்தபடி, இருக்கையில் அமர்ந்தே சாவியைத் திருப்பிப் பார்ப்பார்களாக. முன்னும் பின்னும் ஆளில்லாத வெளியில் செய்யவேண்டிய அச்சோதனையில் ஸ்டார்ட்டர் சுழலுமாயின் பாதுகாப்புச் சுவிச் செயலிழந்திருக்கிறது. அதைத் திருத்தும்வரை அந்த இயந்திரத்தை வயலுக்கோ சந்தைக்கோ கொண்டுசெல்லாதிருக்க வேண்டும்.